ஷெட்டில் பூட்டிய கிரைண்டர்

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஓசூரில் இந்த மாதத்திலும் ஸ்வெட்டர். செகண்ட் ஷிப்ட், ஆகவே மதியச் சமையல் வீட்டில். சமையல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பில் சோறு, அதை இறக்கிவிட்டு ஒரு முட்டை. ஊறுகாய்.

ஒருவழியாக ஆடி முடிந்தது. ஆடியில் குடி மாறக் கூடாது என்று மனைவி சாந்தி சொன்னதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு மகளின் ப்ளஸ் டூ. அவளும் மதுரையில் காலேஜ் ஹாஸ்டலில் சேர்ந்தாயிற்று. இனி சாத்தூரில் தனியாக இவளுக்கு என்ன வேலை? இங்கே வந்துவிடு என்று போன் போட்டேன்.

"அங்க கிரைண்டர் இருக்கா? பிரிட்ஜ் இருக்கா? இங்க உள்ளதத் தூக்கிக்கிட்டு அம்புட்டுத் தூரம் வர முடியாதுங்க. எல்லாத்தையும் வைங்க, பெறகு பாப்பம்."

எரிச்சல் வந்தது. ஆனால் கேட்டது நியாயம்தான். மகளின் பீஸ் கட்டிய கையோடு புதிதாக வாங்க முடியாது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வீட்டு ஓனர்கள் வீட்டோடு கொடுக்க வேண்டியவை (யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை):

– இரண்டு பர்னர் அடுப்பு.
– கிரைண்டர். சின்னதாக ஒரு பிரிட்ஜ்.
– தண்ணீர் ஃபில்டர். இங்கே போர் தண்ணீரில் காபி போட்டால் கஷாயம்.
– சமையல் மேடைக்குப் பக்கத்தில் ப்ளக். இந்த வீட்டில் அது வாசல் கதவுக்குப் பின்னால். கட்டியவன் ஜென்மத்தில் சட்னி அரைத்திருக்க மாட்டான்.
– எக்ஸாஸ்ட் ஃபேன். மிளகாய் தாளித்தால் படுக்கிற இடம் வரைக்கும் இருமல்.

பெங்களூரில் இதெல்லாம் வீட்டோடு கொடுக்கிறார்களாம். இங்கே அட்வான்ஸ் கேட்கும்போது மட்டும் பெங்களூர் நினைவுக்கு வருகிறது.

கூட உட்கார்ந்து சாப்பிட ஓர் ஆள் என்றும் எழுதப் போனேன். அது ஓனர் கையில் இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஓனர் நாகம்மா கீழ்வீடு. வீட்டுக்குள் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். அவரிடம் ஒரு கிரைண்டரும் பிரிட்ஜும் சும்மா கிடக்கின்றன, மாடிப்படிக்குக் கீழே ஷெட்டில், பூட்டோடு. குடும்பமாக வருகிறவர்களுக்கு மட்டும்தானாம். இன்று போய்க் கேட்டேன்.

"ஏம்பா, முன்னாடி இருந்த பேச்சிலருங்க ஃப்ரீசர்ல பீர் பாட்டில் வெச்சி வெடிச்சிப் போச்சி. ஆம்பளைங்களுக்குத் தர மாட்டேன். உன் பொண்டாட்டி வரட்டும், அன்னிக்கே எடுத்துத் தரேன்."

"நீங்க குடுத்தாத்தாம்மா அவ வருவா."

"அவ வந்தாத்தான் நான் குடுப்பேன்."

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். நடுவில் நான், முட்டையும் ஊறுகாயுமாக.

ஆகஸ்ட் 23, சனி

வெயில். துவைத்த யூனிபார்ம் ஒருவழியாகக் காய்ந்தது.

பொறுமை போய்விட்டது. சாந்திக்குப் போன் போட்டு நேராக நாகம்மாவின் கையில் கொடுத்தேன். நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் போனோடு மொட்டைமாடிக்கு ஏறிவிட்டார். படியில் நின்றவனுக்குக் கேட்டதெல்லாம் "ஆமா... ம்... அய்யோ தேவுடா".

பொம்பளைகள் பேசினால் காரியம் நடக்கும் என்று நினைத்தது சரியாகப் போயிற்று. இறங்கி வந்து போனையும் கொடுத்தார், ஷெட் சாவியையும் கொடுத்தார். வாடகையை ஏற்றுவாரோ என்று பயந்து கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, போப்பா." திரும்பிப் பார்க்காமலே போய்விட்டார்.

விசில் அடித்துக்கொண்டே ஷிப்டுக்குப் போனேன். எத்தனை நாளாயிற்று.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வீக்லி ஆஃப். பக்கத்து வீட்டு ஜெயராமனும் நானும் இரண்டையும் தூக்கி வந்து வைத்தோம். முதுகு பிடித்துக்கொண்டது.

ஒரு டம்ளர் அரிசி ஊறவைத்துப் போட்டேன். கல் சும்மா சுற்றுகிறது, அரிசி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நகரவில்லை. ஜெயராமனின் மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அண்ணா, ஒத்த ஆளுக்கெல்லாம் கிரைண்டர் அரைக்காது. நாலு டம்ளராவது போடணும்."

நாலு டம்ளர் அரிசியும் ஒரு டம்ளர் உளுந்தும் ஊறவைத்துச் சாயங்காலம் அரைத்தேன். குண்டான் நிறைய மாவு. கிரைண்டர், பிரிட்ஜ், மாவு, மூன்றையும் போட்டோ எடுத்து சாந்திக்கு அனுப்பினேன். நீல டிக் மட்டும் விழுந்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இட்லி, தோசை, மறுபடியும் இட்லி. பாதி மாவு ஜெயராமன் வீட்டுக்கு.

பஸ் டிக்கெட் போடவா என்று கேட்கப் போன் பண்ணினேன்.

"கிரைண்டர் நல்லாருக்குங்க," என்றாள்.

எப்போது வருகிறாய் என்றேன். பின்னால் தையல் மெஷின் ஓடியது. ஆடியிலேயே ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம்.

"நீங்க ஷிப்டுக்குப் போயிருவீக. நான் அங்க யாரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்க? இங்க பேச்சுத்துணைக்கு நாலு பேரு இருக்காக. நான் வரலைங்க. பொங்கலுக்கு நீங்க வாங்க."

சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். நிதானமாகச் சொன்னாள். "சரி" என்றேன். என்ன சரி?

வைத்த பிறகு அழுதேன். எழுதினால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி, லீவு. மேகமூட்டம். மீந்த மாவைக் கொட்டி, கிரைண்டரையும் பிரிட்ஜையும் துடைத்து, இரண்டுக்கும் வயரைச் சுற்றி வைத்தேன். பேச்சு என்றால் பேச்சுதான், குடும்பம் இல்லாதவனுக்குக் கிடையாது.

நாகம்மா கொழுக்கட்டைத் தட்டோடு மேலே வந்தார்.

"அவ வரலம்மா. ரெண்டையும் ஷெட்டுல வச்சிட்டு சாவியக் குடுத்துடறேன்."

"தெரியும்பா. அன்னிக்கு போன்லயே சொல்லிட்டா. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலன்னு ஒரே அழுக."

"அப்புறம் ஏன் சாவியக் குடுத்தீங்க?"

"அவ வர்றதா இருந்தா, வந்து எடுத்துக்கட்டும்னு விட்டிருப்பேன். வரமாட்டா. இனிமே நீதானப்பா ஆக்கித் தின்னணும்."

சுற்றியிருந்த வயரை அவரே பிரித்து மாட்டிவிட்டுக் கீழே போனார். பிரிட்ஜ் ஓட ஆரம்பித்தது. உள்ளே வைக்க வீட்டில் ஒன்றும் இல்லை. கொழுக்கட்டைத் தட்டை வைத்து மூடினேன்.