பூங்கா ரேடியோ பேசாத மாலை

ஆடி 9, செவ்வாய்

சாயங்காலம் நகராட்சிப் பூங்கா ரேடியோவில் வால்வு போய்விட்டது. மதுரையிலிருந்து புதியது வரும்வரை பாட்டும் இல்லை, செய்தியும் இல்லை. அதை இயக்குவதுதான் என் வேலை. நாளை சேர்மன் என்ன சொல்வாரோ.

அறைக்கு வந்து படுத்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். பூங்காவை ஒட்டிய தெருவில் தீப்பெட்டி ஒட்டும் பெண்கள். மாலைச் செய்தி கேட்ட பிறகுதான் பசையை மூடிவைத்துவிட்டு உலை வைப்பார்கள். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

முன்னால் நின்ற செல்லத்தாய் கையில் தூக்குச்சட்டி.

“ரேடியோ சத்தத்தையே காணோம். போன தடவ காய்ச்சல்ல கெடந்தீகள்ல, அதே மாதிரி மேலுக்கு முடியலையோன்னு கஞ்சி வச்சுக் கொண்டாந்தோம்.”

“நீங்க சாப்பிட்டாச்சா?” என்றேன்.

“எங்க வீட்ல இனிமேத்தான் உலை வைக்கணும். மொதல்ல நீங்க குடிங்க.”

இந்த ஊரில் எனக்கென்று யாருமில்லை என்று போன வாரம்தான் இதே நோட்டில் எழுதியிருந்தேன்.

உடம்புக்கு ஒன்றுமில்லை, வால்வுதான் போச்சு என்று சொல்ல வாயெடுத்தேன். கஞ்சியில் ஆவி பறந்தது. நாளை எப்படியும் தெரிந்துவிடப் போகிறது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இரண்டு டம்ளர் குடித்தேன்.