மனைவி என்பதற்கு ஆதாரம்

ஜூலை 8, செவ்வாய்

இன்றும் நான்கு மணி நேரம் தென்னூர் ஆஸ்பத்திரியில். டோனியின் ரத்தம் மெஷினுக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாரம் மூன்று நாள், இரண்டு வருஷமாக. இதயம் பலவீனமாகிறது, சீக்கிரம் கிட்னி மாற்றிவிடுங்கள் என்று டாக்டர் மறுபடியும் சொன்னார். நான் தயார். டெஸ்ட் எல்லாம் முடிந்து என் கிட்னி பொருந்துகிறது என்றும் சொல்லிவிட்டார்கள். அனுமதிக் கமிட்டி ஒன்றுதான் பாக்கி.

"ஏண்டி வேதா, உன் கிட்னிய வச்சா ஞாயித்துக்கிழமை கறி இறங்குமா?" என்றார் டோனி. ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பெண்ணைக் கட்டிய நாளிலிருந்து இதே கேலி.

எதிர்ச் சுவரில் கண் தான போஸ்டர். "எங்கிட்ட உருப்படியா மிச்சம் இருக்கறது இது ரெண்டுதான். ஞாபகம் வச்சுக்க" என்றார். வாயை மூடுங்க என்றேன்.

ஜூலை 16, புதன்

கமிட்டி. கிட்னியை விலைக்கு வாங்குவதைத் தடுக்கத்தான் இந்தச் சட்டம், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று ஆரம்பித்தார்கள். தனித்தனியாகக் கேள்வி. என்னிடம் அப்பா பேர் கேட்டார்கள். சீனிவாசன் என்றேன். டோனியிடம் மனைவி பேர் கேட்டார்களாம். வேதா என்றாராம்.

அவர்கள் கையில் இருந்த கல்யாணச் சான்றிதழில் மனைவி பிரான்சி, தகப்பன் இருதயநாதன்.

பிரான்சி, ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்த பேர். கல்யாணத்துக்கு என் வீட்டிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. பதிவேட்டில் தகப்பன் பெயர் என்று கேட்டதும் அழுதுவிட்டேன். ஞானத்தகப்பனாக நின்ற இருதயநாதன் ஐயா, "புள்ள அழுவுது பாருங்க சாமி, எம் பேரையே போடுங்க" என்றார். போட்டுவிட்டார்கள். அது தப்பு என்று அன்றைக்கு யாருக்குத் தோன்றியது? ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் அதை வைத்தே வாங்கியாயிற்று.

"நோயாளியோட மனைவி பிரான்சி எங்கம்மா? நீங்க யாரு?" என்று கேட்டார் ஒரு அதிகாரி. ஒரு டாக்டரம்மா நல்ல மனசோடுதான் கேட்டார்: "குழந்தையோட பர்த் சர்டிபிகேட் இருந்தா போதுமே?" குழந்தை இல்லை மேடம் என்றேன். எத்தனையோ பேரிடம் சொன்ன வார்த்தை. அதையும் எழுதிக்கொண்டார்கள்.

இரண்டு பேரும் உண்மையைச் சொன்னோம். அதனால் மாட்டிக்கொண்டோம்.

ஜூலை 17, வியாழன்

மெஷினில் படுத்துக்கொண்டு "பிரான்சி" என்று கூப்பிட்டார். பழகிக்கொள்கிறாராம். வேண்டாம், எனக்கு அழுகை வருது என்றேன்.

ஜூலை 21, திங்கள்

ஆஸ்பத்திரியில் இந்தக் காகிதங்களைப் பார்க்கிற ஷஹனாஸ் விளக்கிச் சொன்னாள். "ஸ்கூல் சர்டிபிகேட்டுல வேதவதி, அப்பா சீனிவாசன்னு இருக்கு. அந்த வேதவதிதான் இந்த பிரான்சின்னு உங்க பொறந்த வீட்டு ஆள் ஒருத்தர் தாசில்தார் முன்னாடி சொல்லணும்கா."

பிறந்த வீடு! அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருதயநாதன் ஐயாவும் போய் ஆறு வருஷம். மிச்சம் தம்பி சேஷு. பேசிப் பதினெட்டு வருஷம்.

டோனியின் தம்பி பிரிட்டோ தருகிறேன் என்று வந்தார். சர்க்கரை இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள்.

என் வயிற்றுக்குள் இருக்கிற கிட்னி. அதைக் கொடுக்க நான் யாரென்று ஊரார் வந்து சொல்லணுமா? ஏழைகள் ஏமாறாமல் சட்டம் காப்பாற்றட்டும், யார் வேண்டாமென்றது? அதுக்கு நடுவுல என் புருஷன் சாகணுமா?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபம் படித்துறைக் கூட்டத்தில் பஸ் நகரவில்லை. இறங்கிச் சித்திரை வீதியில் இருக்கிற அப்பா வீட்டுக்கு நடந்தேன். தம்பி பெண்டாட்டி மேகனாவை இன்றுதான் முதல்முதலில் பார்க்கிறேன். "உள்ள வாங்கோ" என்றாள். சேஷு வாசலிலேயே நிறுத்திவிட்டான்.

"நோக்குக் கல்யாணம் ஆன அன்னிக்கு அப்பா என்னை அம்மா மண்டபத்துக்கு அழைச்சுண்டு போய் முழுக வெச்சார். இனிமே நோக்கு அக்கா கிடையாதுன்னார். நேக்குப் பத்தொம்பது வயசு."

அது மட்டும் என்றால் பரவாயில்லை. அப்பா போனபின் வாரிசுச் சான்றிதழுக்கு, தான் ஒரே பிள்ளை என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். இப்போது அக்கா உண்டு என்றால் அது பொய்யாகிவிடும். வீடு எனக்கு வேண்டாம்டா, எழுதித் தருகிறேன் என்றேன். "ஆத்துக்காக இல்லேக்கா. கேஸாயிடுத்துன்னா பேங்க் வேலை போயிடும். பயமா இருக்கு."

காலில் விழுந்தேன். தம்பி காலில். கதவைச் சாத்திக்கொண்டான்.

திரும்பும்போது படித்துறையில் பெண்கள் தாலிச்சரடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் நின்று காவிரியை வேண்டிக்கொண்டேன். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பாதியில் பிரஷர் இறங்கி மெஷினை நிறுத்தினார்கள். ஐந்து நிமிஷம் அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஆண்டவரே, இவரைப் புதைக்கவா நான் அத்தனை பேரையும் விட்டு வந்தேன்—

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சேஷு வந்தான்! நெற்றியில் திருமண்ணோடு டயாலிசிஸ் வார்டு வாசலில் நின்றான். டோனிதான் முதலில் பார்த்தார். "வாங்க மச்சான், உக்காருங்க. இங்க காப்பி மட்டும் கேட்டுடாதீங்க" என்றார். சேஷு உட்காரவில்லை. ஓடுகிற ரத்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என் பக்கம் திரும்பினான்.

"நான் பொய் சொன்னேன்னு எழுதிக் குடுக்கணும். அவ்ளோதானேக்கா?"

மேகனா ஒரு வாரமாக அவனோடு பேசவில்லையாம். மகராசி.

ஆகஸ்ட் 20, புதன்

தாலுகா ஆபீஸ். "இவ என் கூடப்பிறந்த அக்கா" என்று சேஷு சத்தியம் செய்தான். பழைய சான்றிதழ் பற்றி அவன் மேல் விசாரணை வருமாம். வரட்டும் என்கிறான். என் சின்ன வயசு போட்டோ, அப்பா கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் கார்டு எல்லாம் ஒரு நீல ஃபைலில் அடுக்கி வைத்திருக்கிறான். அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா ஒளித்து வைத்திருந்தவையாம்.

கமிட்டி புதன்கிழமைதான் கூடும். அடுத்த புதன் விநாயகர் சதுர்த்தி, லீவு. அதனால் செப்டம்பர் 3. இன்னும் பதினாலு நாள். தாங்குவார். தாங்கணும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஆறு நாள்.

செப்டம்பர் 1, திங்கள்

நேற்று அடக்கம் முடிந்தது.

சனிக்கிழமை காலை. மெஷினில் உட்கார வைத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. "வேதா, காலெல்லாம் மரத்துப் போச்சு" என்றார். தேய்த்துவிடக் குனிந்தேன். இதயம் நின்றுவிட்டது என்று அப்புறம் சொன்னார்கள்.

எவ்வளவு நேரம் கத்தினேன் என்று தெரியவில்லை. ஷஹனாஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏதோ கேட்க வந்து கேட்காமல் இருந்தாள். எதிரில் அந்தப் போஸ்டர். கண்ணை எடுத்துக்கொள்ளச் சொல் என்று நானே சொன்னேன்.

கண் வங்கியிலிருந்து ஒருவர் சின்னப் பெட்டியோடு வந்தார். "மனைவி யாருங்க?"

நான்தான் என்றேன்.

தகவல் கேட்டு ஓடி வந்திருந்த சேஷு அவசர அவசரமாகப் பையிலிருந்து நீல ஃபைலை எடுத்தான். ஃபைல் அவனோடே இருக்கிறது, எங்கே போனாலும். "சார், இது ரிப்போர்ட் கார்டு, இது தாசில்தார் முன்னாடி குடுத்தது..."

"அதெல்லாம் வேணாம் சார். அவங்க சொன்னா போதும்" என்று சொல்லிப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

எந்தப் பேர் எழுதட்டும் என்று கேட்டேன். உங்க பேருங்க என்றார். வேதா என்று எழுதினேன். உறவு என்ற இடத்தில் மனைவி. கீழே சாட்சி என்று ஒரு கோடு இருந்தது. சேஷு கையெழுத்துப் போட்டு, இறந்தவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் மைத்துனன் என்று எழுதினான். அதையும் யாரும் சரிபார்க்கவில்லை.