உள்பக்கம் அடித்த தாள்

அத்தானுக்கு,

போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நார்வேயில் நீங்கள் கட்டுவதுபோலவே நம் வீட்டு மரச்சுவரிலும் ஈரம் தடுக்கும் பிளாஸ்டிக் தாளை உள்பக்கம் அடிக்கச் சொன்னீர்கள். "அங்க குளிருக்கு அது சரி. இங்க ஈரம் வெளியேருந்துல்லா வருது, தாள வெளிப்பக்கம் அடிப்போம்" என்ற ஆசாரியைத் திட்டி, உள்பக்கமே அடிக்கவைத்தீர்கள்.

முட்டத்துக் கடற்காற்றின் ஈரம் சுவருக்குள் புகுந்து, ஏசியில் குளிர்ந்த அந்தத் தாளில் நீராக வடிகிறது. நேற்றுப் பலகையைப் பெயர்த்தேன். வெயில் தாக்காதிருக்க உள்ளே அடைத்த பஞ்சு முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. மகளின் கட்டில் அந்தச் சுவரோரம்தான்.

"செவர ஒடச்சத அப்பாட்ட சொல்லாதம்மா, ஏசுவாவ" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே.

ஆசாரியிடம் மன்னிப்புக் கேளுங்கள். தாளை மாற்றி அடிக்கும்வரை இவளை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போக மாட்டேன்.

உங்கள் மனைவி,
தக்கலை ஆஸ்பத்திரி, குழந்தைகள் வார்டு.