மூடிய கதவும் குனிந்த தலையும்

அன்பு மகளுக்கு,

நேற்று உன் கூட்டம் ஆறு நிமிடம் நின்றுபோனதற்கு இணையம் காரணமில்லை. நான்தான். நீ பார்சல் வாங்க வாசலுக்குப் போனபோது, உள்ளாடையோடு உனக்குத் தேநீர் கொண்டுவந்தேன். திரையில், உன்னிடம் தமிழ் கற்ற உன் ஜப்பானிய மேலாளர் கிதாமுரா, "வணக்கம் அப்பா!" என்று குனிந்தார். நானும் குனிந்தேன். அவர் இன்னும் குனிந்தார். கூட்டத்தில் இருந்த பதினோரு பேரும் குனிந்த பிறகு முதலில் நிமிர யாருக்கும் துணிவில்லை.

இன்று காலையில் நீ, "வீட்டுல இருந்தே வேலை பாக்கலாமா, டோக்கியோவுக்கே திரும்பணுமான்னு இன்னைக்குத்தான்பா முடிவு சொல்வாங்க. சத்தமே வரக்கூடாது" என்றாய்.

"மீன் பொரியிற சத்தத்தையும் நானா அடக்கணும்?" என்றேன். நீ சிரிக்கவில்லை.

அதனால்தான் பக்கத்து அறையிலிருந்து கடிதம். சுவர்க் கடிகாரத்தை மெத்தைக்குள் சுற்றி வைத்துவிட்டேன். காலுறையோடு நாற்பது தடவை நடந்துவிட்டேன். நீ போனால் எனக்கென்ன? அம்மா போனபிறகு ஐந்து வருடம் ஒருவனுக்குத்தானே சோறு வடித்தேன். இந்த மூன்று மாதத்தில் இரண்டு பேருக்கு அளந்து கை பழகிவிட்டது, அவ்வளவுதான்.

இதைக் கதவுக்கு அடியில் தள்ளப்போகிறேன்.

உன் அப்பா

பி.கு. தள்ளக் குனிந்தபோது தலை இடித்துக் கதவு திறந்துகொண்டது. இடைவேளை போலிருக்கிறது, நீ கழிவறையில் இருந்தாய். கிதாமுரா, "முடிவாயிடுச்சு, உங்க பொண்ணு உங்க வீட்டுலேயே இருக்கட்டும் அப்பா" என்றார். நன்றி சொல்ல நன்றாகக் குனிந்தேன். நெற்றி எதிலோ பட்டுத் திரை அணைந்துவிட்டது.