இத்தி மரத்தடிப் பிறந்த வீடு

அக்கா,

இன்று காலை கடைக்கு மஞ்சள் கொத்து வந்து இறங்கியது. பதுளைத் தெரு முழுக்க அந்தப் பச்சை வாசனை. மற்றவர்களுக்கு அது பொங்கல் வாசனை. எனக்கோ அது வருகிற அன்றைக்குச் சோறு இறங்காது. முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க உள்ளுக்குப் போய் அரிசி மூட்டையப் பாருங்க" என்றார். வருஷா வருஷம் இதையேதான் சொல்கிறார், நல்ல மனிதர்.

எல்ல கணவாயில், இராவணன் குகைக்குக் கீழே, வண்டிப்பாதை ஓரத்துப் புல்வெளியில்தான் நாம் பொங்கல் வைப்போம். வண்டிக்காரர்கள் மாடு அவிழ்ப்பதும் அங்கேதான், குகை பார்க்க வரும் துரைமார் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்து சாப்பிடுவதும் அங்கேதான். பொங்கலுக்கு முந்தின மாலையே நான் வந்து, இத்தி மரத்தடியில் வண்டிப் படுதாவைக் கட்டிப் படுத்துவிடுவேன். காலையில் நீயும் மச்சானும் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நடந்து வருவீர்கள்.

அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு உனக்குப் பொங்கல் சீர் கொண்டுவர நான் ஒருவன்தான் மிச்சம். நானோ தோட்டத்தில் சொல்லிக்கொள்ளாமல் ஓடி வந்து இந்தக் கடையில் சேர்ந்தவன். நீங்கள் குடியிருந்த லயத்துப் பக்கம் தலை காட்டினால் கங்காணி துரையிடம் பிடித்துக் கொடுத்துவிடுவான். அதனால் சீர் உன் வாசலுக்கு வரவில்லை, சீரைத் தேடி நீ நடந்து வந்தாய். எந்த ஊரிலும் இல்லாத முறை.

ஒரு தடவை நம் அடுப்புப் புகை துரைசாணி மேல் போகிறது என்று அவர்களுடைய பட்லர் வந்து அதட்டினான். நீ கிளறிய கரண்டியைக் கூட வைக்கவில்லை. "காத்து எங்க வீட்டு ஆளு இல்லீங்க, சொன்னா கேக்காது" என்றாய். சிரித்துக்கொண்டே போனவன் ஒரு துண்டு கேக்கோடு திரும்பி வந்தான். நீ முகர்ந்து பார்த்து, "முட்ட வாட" என்று மச்சானிடம் தள்ளிவிட்டாய்.

சீதையை அந்தக் குகையில்தான் வைத்திருந்தார்களாம் என்று சொன்னேன். "அவளத் தேடி ஒரு படையே வந்துச்சு. எனக்கு நீ ஒருத்தன்தான்டா, அதுவும் அரிசி மூட்டையோட" என்றாய். பொங்கியதும் எனக்குத்தான் முதல் இலை. "இந்த மரத்தடிதான் தம்பி என் பொறந்த வீடு" என்பாய். நீ விளையாட்டாகச் சொன்னது என் நெஞ்சில் போய்த் தைத்தது.

கடைசிப் பொங்கலில் நீ ஏழு மாதம். முதலாளி ஒரு கட்டுக் கண்ணாடி வளையல் கொடுத்து, "ஒங்கட அக்காவுக்குக் குடுங்க" என்று அனுப்பியிருந்தார். வேறு தோட்டங்களிலிருந்து அங்கே பொங்க வந்திருந்த பெண்கள் உன்னை நடுவில் உட்காரவைத்து வளையல் அடுக்கினார்கள். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தானே? "கங்காணிகிட்ட கேட்டுட்டு ஒங்கிட்ட வந்துர்றேன். கடைக்குப் பின்னால ஒரு பாய் போட எடம் இருக்குமா?" என்றாய். இருக்கும் என்றேன். சாக்குகளை ஒதுக்கினேன், பாய் வாங்கினேன். முதலாளி வீட்டம்மா மருத்துவச்சிக்குச் சொல்லிவைத்தார்.

நீ வரவில்லை. கொழுந்து மண்டிக் கிடக்கிற நேரத்தில் ஆளை விட முடியாது, லயத்தில் பெறுகிறவர்கள் பெண்கள் இல்லையா என்று கங்காணி சொல்லிவிட்டானாம். வண்டிக்காரர் ஒருவர் வந்து சொன்னார். சரி, அடுத்த பொங்கலுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாய் என்று இருந்தேன்.

அந்தப் பொங்கலுக்கு உனக்கு அரக்குச் சிவப்பில் ஒரு சேலையும் பிள்ளைக்குச் சட்டைத் துணியும் எடுத்துக்கொண்டு போனேன். உலை வைத்துவிட்டுப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் மட்டும் வந்தார். தரையைப் பார்த்தபடியே, "பங்குனியிலயே போயிட்டா தம்பி. புள்ளையும் தங்கல. ஒனக்கு ஆள் அனுப்பணும்னு கெஞ்சினேன், வேல கெடும்னு கங்காணி ஒருத்தரையும் விடல" என்றார். உலை கொதித்துக்கொண்டே இருந்தது. அரிசி போட எங்கள் இருவருக்கும் கை வரவில்லை.

எனக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றுதான். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போர்த்தாமல் ஒரு பெண்ணின் உடலைத் தூக்க மாட்டார்கள். "கோடி யாரு போட்டா மச்சான்?" என்றேன். "போட யாரு இருந்தா? அவ சேலையவே தொவச்சுப் போத்துனோம்" என்றார்.

யாருமில்லாதவளைப் போல உன்னைத் தூக்கியிருக்கிறார்கள், அக்கா. ஒரு பகல் நடைத் தூரத்தில் தம்பி ஒருவன் உயிரோடு அரிசி நிறுத்துக்கொண்டிருந்தான். இப்போது அந்தப் பக்கம் ரயில் வந்துவிட்டது, ஏறி உட்கார்ந்தால் போய்விடலாம். யாரைப் பார்க்கப் போவது? நாள் போகப் போக ஆறும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை, ஆறும் என்று நான் நம்பவும் இல்லை.

அந்தச் சேலை மடிப்புக் கலையாமல் என் பெட்டியில் கிடக்கிறது. ஏழைப் பெண் யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார் முதலாளி. இரண்டு தடவை கையில் எடுத்தேன், கொடுக்க முடியவில்லை. வாங்கும்போது அது சீர். வாங்கிய அன்று நீ மண்ணுக்குள் இருந்தாய். பிணத்துக்குப் போர்த்த வேண்டியதை உயிரோடு இருக்கிற ஒருத்தி கையில் எப்படிக் கொடுப்பேன்?