நாற்பத்து மூன்றாவது ஏடு

பாடண்,
தீபாவளிக்கு மறுநாள், புது வருஷ நாள், மாலை

அன்பு மகள் தக்ஷாவுக்கு அம்மாவின் ஆசிகள். ஜெய் ஜினேந்திர. இங்கே நான், அப்பா, உன் தங்கை ஜாக்ருதி மூவரும் சுகம். நீ அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்கு ஏதாவது தின்று, சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். எழுத்து ஜாக்ருதியுடையது, பேச்சு என்னுடையது. கண்ணில் புரை எடுத்து எட்டு நாள் ஆகிறது, இரண்டு கண்ணுக்கும் சேர்த்துப் போட்ட கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை. மெஹ்சாணா டாக்டர் "ஒரு மாசத்துக்கு எழுத்துப் பக்கமே போகாதீங்க மாஸி" என்று சொல்லிவிட்டார். அதனால் நான் சொல்லச் சொல்ல இவள் எழுதுகிறாள், நடுவில் பேனாவைக் கடிக்கிறாள், அந்தச் சத்தமும் எனக்குக் கேட்கிறது. தீபாவளி நல்லபடியாகப் போனது. பூரணம் வைக்கும் கூக்ராவை இந்த வருஷம் ஜாக்ருதி மடித்தாள், ஓரம் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது, அப்பா மட்டும் "இதுதான் காத்தோட்டமா இருக்கு" என்று நாலு தின்றார். உனக்கு மேத்தி காக்ரா இரண்டு பாக்கெட் கட்டி வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். அங்கே இப்போது நாலு மணிக்கே சூரியன் போய்விடுகிறது என்று எழுதியிருந்தாயே, அப்படியானால் ராத்திரிச் சாப்பாட்டை எப்போது சாப்பிடுகிறாய்? நம் வழக்கப்படி இருட்டுவதற்குள் சாப்பிட ஆபீஸில் விடுவார்களா? விடாவிட்டால் பழமும் பாலும் மேஜையில் வைத்துக்கொள். உடம்பை வருத்தி விரதம் இருக்காதே, உனக்கு ஏற்கெனவே முகத்தில் எலும்புதான்.

அப்பாவுக்குப் பதினைந்து நாளாகச் சுவடிப் பண்டாரத்தில்தான் வேலை. புத்தகங்களைக் கும்பிடும் ஞான பஞ்சமிக்கு இன்னும் நாலு நாள்தான், கட்டுகளை எல்லாம் வெளியே எடுத்து, தூசி தட்டி, புதுச் சிவப்புத் துணி சுற்றி, வசம்புப் பொட்டலம் மாற்றி, ஒவ்வொரு கட்டிலும் ஏடுகளை எண்ணிப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறார். இந்த வருஷம் இங்கே தங்கியிருக்கும் துறவி மகராஜ் சாஹிப் நட்சத்திரக் கணக்குக் கட்டைக் கேட்டிருக்கிறாராம், பஞ்சமி அன்று எல்லார் முன்னாலும் பிரித்துப் படிக்கப்போகிறார். நீயும் அப்பாவும் ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து ஏடு ஏடாக வரிசைப்படுத்தினீர்களே, அதே கட்டுதான். அப்பாவுக்கு அதில் ஒரே பெருமை. இன்று காலை புது வருஷம் சொல்லப் பண்டாரத்து டிரஸ்டி போகிலால் சேட் வந்திருந்தார். மோஹன்தாலை வாயில் போட்டுக்கொண்டு, "உங்களுக்கு என்ன கவலை ஹீராசந்த்பாய், ஒரு பொண்ணு லண்டன் லைப்ரரில. இங்க ஏடு குறைஞ்சா அங்க கூடும்" என்று சொல்லிச் சிரித்தார். வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். அவர் போன பிறகு அப்பா தட்டில் இருந்ததை முடிக்கவில்லை. கேலிதான், நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. நீ அங்கே எவ்வளவு நேர்மையாக வேலை பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. போன கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், புதிதாக வரும் புத்தகங்களை எல்லாம் உறைபனிப் பெட்டியில் வைத்து உள்ளே இருக்கும் பூச்சிகளைச் சாகடித்த பிறகுதான் அலமாரிக்கு எடுப்போம், இப்போது அந்தப் பெட்டி உன் பொறுப்பு என்று எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தை பஜ்ரா மாவு டப்பாவுக்குள் வைத்துவிட்டேன். அப்பா படித்துவிட்டு, "ஒண்ணு இருக்கு, மூணு இருக்கு, ரெண்டு எங்க?" என்று கேட்டார். மகள் கடிதத்துக்கும் ஏடு எண்ணுகிற மனுஷன்! "அவ நம்பர் தப்பாப் போட்டிருப்பா" என்றேன். "தக்ஷாவா? நம்பரா?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இனிமேல் அதைப் பற்றி எழுதாதே மகளே. விளக்கு வைத்தால் விட்டில் வரும் என்று இருட்டில் உட்காருகிறவர் அவர், தாங்கமாட்டார். மற்றவை நாளை சொல்கிறேன், கட்டுக்குள் கண் அரிக்கிறது.

*

அக்கா, இதற்கு மேல் எழுதுவது நான் மட்டும். அம்மா சொல்லவில்லை, அம்மாவுக்குத் தெரியாது. எல்லாரும் தூங்குகிறார்கள். மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து, டார்ச்சை என் பாவாடைத் துணியில் சுற்றிவைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த நட்சத்திரக் கணக்குக் கட்டில் நாற்பத்து மூன்றாவது ஏடு இல்லை. நான்தான் எடுத்தேன்.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் அப்பா என்னிடம் மெல்லிய தூரிகையைக் கொடுத்து, அந்தக் கட்டில் பூச்சி தட்டச் சொன்னார். நீ செய்த வேலை உனக்கு அப்புறம் எனக்கு வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கிண்ணத்தில் பூச்சிகளைத் தள்ளிச் சேர்த்துக்கொண்டே வந்தேன். நாற்பத்து ஒன்றில் ஒரு புழு துளைக்குள் இருந்தது. வெளியே வரவில்லை என்று தூரிகையின் காம்பால் கொஞ்சம் இழுத்தேன். அது இரண்டாகிவிட்டது. அக்கா, அது இன்னும் நெளிந்தது. நான் நவகார மந்திரம் சொன்னேன், சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்பா அப்போது சேட் கூப்பிட்டார் என்று வெளியே போயிருந்தார். நாற்பத்து மூன்றிலும் ஒரு புழு இருந்தது, ஓரத்தில் நீளமாகத் துளை போட்டு உள்ளே. எனக்கு அதைத் தொட வரவில்லை. அதனால் ஏட்டோடு எடுத்தேன். பாஞ்சராபோல் காப்பகத்தில் கிழட்டு மாடுகளுக்குப் பின்னால் ஜீவாத் அறை இருக்கிறதே, மாவில் சலித்த வண்டுகளை நீயும் நானும் கொண்டுபோய் விடுவோமே, அங்கே பூச்சிகள் இருந்த கிண்ணத்தோடு அந்த ஏட்டையும் கொண்டுபோய் ஒரு தகர டப்பாவில் தானியத்தின் மேல் வைத்தேன். இரண்டு நாளில் புழு தானியத்துக்கு இறங்கிவிடும், ஏட்டை எடுத்துவந்துவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் அப்பா திரும்பி வந்து ஏடுகளை எண்ணப் போகிறார் என்று தெரிந்ததும், அந்த இடத்தில் அதே அளவில் ஒரு வெறும் பழைய தாளைச் செருகிவிட்டேன். அப்பா எண்ணினார். நூற்றுப் பதினெட்டு. "சரியா இருக்குடி ஜாகு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நான் அருகில் நின்றுகொண்டு துணியின் நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஏட்டை எடுக்கப் போனேன். அறையைப் பார்த்துக்கொள்ளும் மஃபத்பாய் பூட்டிக்கொண்டு பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டார். நாளைக்குத்தான், பாய் பீஜ் அன்றுதான் வருவார். அதற்குள் அது எவ்வளவு தின்றிருக்கும்? தினமும் ராத்திரி அது தின்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது, அது அவ்வளவு தூரத்தில் இருக்கிறது, கேட்காது என்று தெரியும், ஆனாலும் கேட்கிறது.

இன்று போகிலால் சேட் சொன்னதை அம்மா சொல்ல நான்தானே எழுதினேன். அந்த வரியில் ஒரு சொல்லை அடித்து எழுதியிருக்கிறேன் பார், அம்மா பார்க்க முடியாமல் போனது நல்லதாகப் போயிற்று. பஞ்சமி அன்று மகராஜ் சாஹிப் பிரித்துப் பார்த்தால் நாற்பத்து மூன்று இருக்காது, பொய்த் தாள் இருக்கும், பட்டியலில் அப்பா கையெழுத்து இருக்கும். எல்லாரும் ஏடு லண்டனுக்குப் போனது என்பார்கள். அப்பாவைத் திருடன் என்பார்கள், உன்னையும் என்பார்கள். நீ எனக்கு என்ன செய்யலாம் என்று பதில் எழுத இருபது நாள் ஆகும், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அது தெரிந்தும் உனக்குத்தான் எழுதத் தோன்றுகிறது. புத்தகத்தை அவமதித்தது ஒரு பாவம், புழுவைக் கொன்றது ஒரு பாவம், அப்பாவைப் பொய்க் கையெழுத்துப் போட வைத்தது மூன்றாவது. இதில் எதற்கு முதலில் மன்னிப்புக் கேட்பது அக்கா? டார்ச்சுக்கு ஒரு விட்டில் வந்துவிட்டது. அணைக்கிறேன்.

*

பாய் பீஜ், மதியம்

தக்ஷா, அம்மா பேசுகிறேன். இவள் ராத்திரி எழுதியதைக் கிழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன், அப்படியே உனக்கு வரட்டும். கண்ணைக் கட்டியவளுக்குக் காது எங்கும் போகாது. மாடிப்படிக்குக் கீழே யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "படி" என்றேன். படித்தாள். நடுவில் இரண்டு முறை நிறுத்தினாள், நான் அவள் முதுகில் கை வைத்திருந்தேன், அவ்வளவுதான். விடிந்ததும் அப்பாவிடம் இவளே போய்ச் சொன்னாள், நான் கூடப் போகவில்லை, கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா கேட்ட முதல் கேள்வி, "அந்த ரெண்டாவது புழு உயிரோட இருக்கா?" இவள் "தெரியாதுப்பா" என்று சொல்லி ஓவென்று அழுதாள். "அழுதா தெரியுமா? செருப்பைப் போடு" என்றார்.

மஃபத்பாய் பஸ்ஸை விட்டு இறங்கிப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லையாம், இருவரும் போய் வாசலில் நின்றிருக்கிறார்கள். "என்ன ஹீராசந்த்பாய், புது வருஷமும் அதுவுமா வண்டைப் பார்க்க வந்தீங்களா? மாட்டையெல்லாம் விட்டுட்டு?" என்று கேட்டுக்கொண்டே திறந்தாராம். டப்பாவுக்குள் ஏடு இருந்தது. இடது ஓரம் அரை விரல் அகலம் போய்விட்டது, மூன்று வரிகளின் தொடக்கம் போய்விட்டது. அந்த மூன்று வரி இனி இல்லை. அப்பா அதைச் சொல்லும்போது குரல் கீழே போனது. ஏட்டின் மேல் சின்ன வண்டு ஒன்று உட்கார்ந்திருந்ததாம், அந்தப் புழு வளர்ந்ததோ வேறோ தெரியாது, அதைத் தூரிகையால் தானியத்துக்கு இறக்கிவிட்டு, ஏட்டை இரண்டு உள்ளங்கையில் ஏந்தியபடி, யார் வாழ்த்துச் சொன்னாலும் கை கூப்ப முடியாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்து வந்தார். இவள் முன்னால் போய், "தள்ளிக்குங்க, தள்ளிக்குங்க" என்று வழி விலக்கினாளாம்.

பண்டாரத்துக்குப் போய்ப் பட்டியலில் தன் கையெழுத்தைக் கோடு போட்டு அடித்து, நடந்ததைத் தேதியோடு எழுதி, கீழே இவளையும் கையெழுத்துப் போட வைத்திருக்கிறார். பதின்மூன்று வயதுப் பெண் பண்டாரப் பட்டியலில் கையெழுத்துப் போட்டது இதுதான் முதல் தடவையாம், அதை அவரே என்னிடம் சொன்னார், பெருமையா வருத்தமா என்று கட்டுக்குப் பின்னாலிருந்து எனக்குத் தெரியவில்லை. பஞ்சமி வரை காத்திருக்காமல் நேரே போகிலால் சேட் வீட்டுக்குப் போனார். சேட் பதறிவிட்டாராம். "யாருக்குத் தெரியப்போகுது? ஒட்டிட்டு உள்ள வெச்சுட வேண்டியதுதானே? பொண்ணு லண்டன்ல இருக்கற நேரத்துல எழுதி வேற குடுக்கறீங்க!" அப்பா சொன்னது, "ஏடு இங்க இருக்கு சேட். சந்தேகம் உள்ளவங்க வந்து பாக்கட்டும். மூணு வரி போனது என் கவனக்குறைவு, அதை மறைச்சா மீதி நூத்துப் பதினேழும் பொய்." சேட்டுக்குக் கோபம். பஞ்சமி அன்று மகராஜ் சாஹிப் முன்னால் டிரஸ்டிகள் பேசி முடிவு செய்யும் வரை சாவி தன்னிடம் இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டார். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அப்பா இடுப்பில் சாவிக் கொத்து இல்லாமல் வீட்டுக்குள் நடக்கிறார், சத்தமே வரவில்லை, யாரோ விருந்தாளி மாதிரி இருக்கிறது. கொடுப்பார்களோ மாட்டார்களோ. ஆனால் சாப்பிட உட்கார்ந்து இரண்டாம் தடவை மோர்க் கடி கேட்டு வாங்கினார்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே, "நம்ம தக்ஷா லைப்ரரில பூச்சிக்கு என்னதான் பண்றாங்க?" என்று கேட்டார். ஜாக்ருதி என்னைப் பார்த்திருப்பாள், எனக்குத் தெரியும். நேற்றாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். இன்று இந்த வீட்டில் அது முடியாது. "பஜ்ரா டப்பாவை எடுத்துட்டு வாடி" என்றேன். இவள் மாவைத் தட்டி இரண்டாம் பக்கத்தை அவர் கையில் கொடுத்தாள். படித்தார். மடித்தார். போய் உன் கடிதக் கட்டை எடுத்து ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் அதை வைத்துக் கட்டினார், அந்த நாடாச் சத்தம் எனக்குக் கேட்டது. திட்டுவார் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். கட்டை அலமாரியில் வைத்துவிட்டு வந்து, "அந்தப் பெட்டியை மூடும்போது அவளுக்குக் கை நடுங்குதான்னு மட்டும் கேட்டு எழுது" என்றார்.

கேட்டுவிட்டேன். பதிலை எனக்கு எழுதாதே, அப்பா பெயருக்கே எழுது. நடுங்கினால் நடுங்குகிறது என்று எழுது, இல்லை என்றால் இல்லை என்று எழுது. இனி உன் கடிதத்தில் எந்தப் பக்கமும் மாவு டப்பாவுக்குப் போகாது. பஞ்சமி அன்று நீயும் அங்கே ஒரு புத்தகத்தின் முன்னால் ஒரு நிமிஷம் கை கூப்பு, எந்த மொழிப் புத்தகமாக இருந்தாலும் சரி. இருட்டுவதற்குள் சாப்பிடு. கழுத்தில் கம்பளி சுற்றாமல் வெளியே போகாதே. உன் வேலையும் உன் கண்ணும் கையும் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.

உன் அம்மா
ரசீலா

எழுதியது ஜாக்ருதி. (பக்கங்கள் ஏழு, எல்லாம் இருக்கின்றன. அப்பா எண்ணிப் பார்த்துவிட்டார்.)