என் பெயரில் ஒரு மறுப்பு

மார்ச் 3

மனைவிக்காக வெளிநாட்டு வேலையையே துறந்த தியாகிக்கு,

இங்கு நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் காலையில் பிரார்த்தித்தேன். மத்தியானம் நெட்டையன் போன் செய்த பிறகு அந்தப் பிரார்த்தனையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கடவுளிடம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது முறையில்லை என்று விட்டுவிட்டேன்.

உங்களிடம் பாய்லர் வேலை பழகி, நம் வீட்டில் சாப்பிட்டு, இப்போது கடல் கடந்து பெரிய அதிகாரியாகிவிட்ட அதே நெட்டையன்தான். "அண்ணி, இப்படிப் பண்ணலாமா? எங்க கம்பெனியில ஆள் ஆளாப் பிடிச்சு அண்ணனுக்கு இந்த வேலையை வாங்கினேன். நீங்க வரவே மாட்டேன்னு அழுதீங்களாமே! பிரார்த்தனைக் கூடத்தை விட்டு வரமாட்டேன்னு ஒரே பிடிவாதமாமே!" என்கிறான்.

நான் அழுதேனா? கடைசியாக நான் அழுதது கடைவாய்ப்பல் பிடுங்கியபோது. அன்றைக்கும் நீங்கள் பக்கத்தில் இல்லை.

வேலை வந்திருக்கிறது என்று என்னிடம் சொன்னீர்கள். "யோசிப்போம்" என்றீர்கள். நானும் பைத்தியக்காரி மாதிரி யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் நீங்கள் எனக்கும் சேர்த்து யோசித்து, என் பெயரிலேயே மறுப்பும் சொல்லி முடித்துவிட்டீர்கள்.

அவனிடம் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. "பேசிட்டுச் சொல்றோம் தம்பி" என்று வைத்துவிட்டேன். இதைப் போனில் கேட்டால், "ஹலோ, இங்க ஒரே இரைச்சல், ஒண்ணும் கேக்கல" என்பீர்கள். பெரிய விஷயமென்றால் எழுதித்தான் பேசுவது என்று கல்யாணமான புதிதில் நாம் வைத்துக்கொண்ட வழக்கம் ஞாபகம் இருக்கிறதல்லவா? ஒருவர் முடிக்கும் வரை மற்றவர் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

வரவில் உங்களுக்குத் தியாகி பட்டம். செலவில் என் பெயர். கணக்கு உதைக்கிறது.

முழங்காலுக்குத் தைலம் பெட்டியின் இடது மூலையில் இருக்கிறது. தடவிக்கொண்டு பதில் எழுதுங்கள்.

கோபத்துடன்,
உங்கள் மனைவி


மார்ச் 7

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

தைலம் கிடைத்தது. கடிதமும் கிடைத்தது. எது அதிகம் எரிந்தது என்று சொல்லமாட்டேன்.

இந்த ஊர் ஆலையில் வருடாந்திரப் பராமரிப்பு இன்னும் முடியவில்லை. பாய்லரை ஆறவைத்து, உள்ளே தவழ்ந்து போய், குழாய் குழாயாகத் தட்டிப் பார்க்கிறேன். எந்த இடம் மெலிந்திருக்கிறது என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். வெளியே வந்தால் பல் மட்டும்தான் வெள்ளை. விடுதிச் சமையல்காரர் என்னை வாசலிலேயே நிறுத்தி, "சார், குளிச்சிட்டு வாங்க, சோறு பயப்படுது" என்கிறார்.

நெட்டையன் ஒரு வாயாடி. "அவளுக்குக் கஷ்டமா இருக்கும்ப்பா" என்றுதான் சொன்னேன். கண்ணீரை அவனே சேர்த்துக்கொண்டான். இந்த இடத்தை விட்டு எங்கேயும் நகரமாட்டேன் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஒரு வாரம் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போகாவிட்டால் உனக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிடும். அங்கே போனால் புது பாஷை, குளிர், பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. எல்லாம் உன்னை நினைத்துத்தான்.

மாதக் கடைசி வரைதான் அவகாசம். அதன் பிறகு தானாகவே முடிந்துவிடும். சின்னப் பொய். யாருக்கும் நஷ்டமில்லை. இதோடு விட்டுவிடு.

அன்புடன்,
உன் கரிமூட்டை


மார்ச் 11

சின்னப் பொய்க்காரருக்கு,

விடமாட்டேன்.

எங்கேயும் நகரமாட்டேன் என்று சொன்னேன், வாஸ்தவம். வீட்டுக்காரர் நம்மை மூன்றாம் மாடிக்கு மாறச் சொன்னபோது சொன்னேன். மேலே தண்ணீர் ஏறாது. அந்தப் பேச்சைக் கொண்டுபோய் வெளிநாட்டுக்கு ஒட்டவைத்துவிட்டீர்களே, உங்கள் சாமர்த்தியமே சாமர்த்தியம்!

போதாக்குறைக்குக் கடவுளை வேறு சாட்சிக்கு இழுத்திருக்கிறீர்கள். அவர் என்ன நம் வார்டு உறுப்பினரா, எல்லை தாண்டினால் செல்லுபடியாகாமல் போக? கண்ணை மூடிக் கைகூப்ப எனக்கு ஒரு மூலை போதும். அந்த நாட்டு வீடுகளிலும் சுவர் இருக்கும், சுவர் இருந்தால் மூலை இருக்கும்.

யாருக்கும் நஷ்டமில்லை என்கிறீர்கள். இப்போது நான் சொல்வதைக் குறுக்கே பேசாமல் படியுங்கள்.

எட்டாவதோடு என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். பிறகு படித்ததெல்லாம் பழைய புத்தகத்திலும், மகள் வீட்டுப்பாடம் எழுதும்போது எட்டிப் பார்த்ததிலும்தான். நெட்டையன் மனைவி அங்கே பெரியவர்களுக்கான மாலைப் பள்ளியில் கணக்கியல் படிக்கிறாள். நரைத்த தலையெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்குமாம். யாரும் சிரிக்க மாட்டார்களாம். அதைக் கேட்ட நாளிலிருந்து நான் மனதுக்குள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். ஜன்னலோரம்.

உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் "யோசிப்போம்" என்றீர்களே, அந்த யோசனை முடியட்டும் என்று பொறுமையாக இருந்தேன். போவதற்கு ஆசைப்பட்ட என்னையே வேலிக்கட்டையாக நட்டு வழியை அடைத்துவிட்டீர்கள்.

மகள் தங்கிப் படிக்கும் விடுதிக்குப் போன் செய்து சொன்னேன். "அப்பாவா பொய் சொன்னாரு? அவருக்குத்தான் சரியாச் சொல்லவே வராதேம்மா" என்று சிரிக்கிறாள். "நீங்க போங்கம்மா. லீவுக்கு நான் வர ஒரு ஊர் கிடைக்கும்" என்கிறாள்.

போக வேண்டாமென்றால் வேண்டாம். பாய்லருக்குள் தவழப்போவது நீங்கள், நான் இல்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லும் வாய் உங்களுடையதாக இருக்கட்டும். காரணமும் உங்களுடையதாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் நெட்டையனிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் திங்கட்கிழமை காலை, பிரார்த்தனை முடித்த கையோடு, நான் சொல்வேன்.

அழாத,
உங்கள் மனைவி


மார்ச் 16

அன்புள்ள உனக்கு,

சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நீ வைத்த கெடுவுக்குப் பயந்து இல்லை. சரி, பயந்துதான்.

அவனிடம் சொன்னதையே உனக்கும் எழுதுகிறேன். நேற்று பராமரிப்பு முடிந்தது. கரி படிந்த கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மேலாளர், ஆபரேட்டர்கள், சூப்பர்வைசர் எல்லோரும் ஒரு மேஜையைச் சுற்றி நின்றார்கள். நான் கையெழுத்துப் போட்டால்தான் பாய்லரில் நெருப்பு வைக்க முடியும். பேனாவைத் திறந்தேன். எல்லோரும் அதன் முனையையே பார்த்தார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இத்தனை வருஷமாகக் கரிக்குள் தவழ்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

இப்படிக் கையெழுத்துப் போட நான் இங்கே வாங்கிய உரிமம் அந்த நாட்டில் செல்லாது. இரண்டு வருஷம் உதவியாளன். பிறகு பரீட்சை. அதுவரை உள்ளே போய்த் தட்டிப் பார்ப்பது நான், கையெழுத்து நெட்டையனுடையது. சுத்தியலை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அவன் முன்னால் தாளை நீட்டிக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு உன்னைச் சொன்னேன். தப்புத்தான்.

நெட்டையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு, "அண்ணே, நானும் இங்க அப்படித்தான் ஆரம்பிச்சேன். எனக்கு மேல இருந்தவன் என் பேரைக்கூட சரியாச் சொன்னதில்ல. நான் உங்களை அண்ணேன்னாவது கூப்பிடுவேன்" என்றான்.

அவன் நின்ற இடத்தில் நானும் நின்றால் என்ன என்று தோன்றியது. ஒப்புக்கொண்டுவிட்டேன். போகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். குடும்பத்துக்கும் விசா தருகிறார்கள். ஆனாலும் நீ இப்போது வர வேண்டாம். நான் பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, பழையபடி ஆளான பிறகு உன்னைக் கூப்பிடுகிறேன். இரண்டு வருஷம் ஓடிவிடும். அங்கே நான் இருக்கப்போகும் நிலையில் நீ என்னைப் பார்க்க வேண்டாம்.

அன்புடன்,
உன் கரிமூட்டை


மார்ச் 20

அன்புள்ள உங்களுக்கு,

உண்மையைச் சொன்ன உங்கள் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். ஆனால் அதே வாய் அடுத்த பத்தியிலேயே "நீ வர வேண்டாம்" என்கிறதே!

இரண்டு வருஷம் கழித்து நான் வரமாட்டேன். உங்களோடு வருவேன். மாலைப் பள்ளியில் செப்டம்பரில் வகுப்புத் தொடங்குகிறது. உங்கள் உரிமத்துக்காக அந்தப் பெஞ்சு காத்திருக்காது.

கையெழுத்து இல்லாமல் இருப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியவில்லை. என்னைக் கேளுங்கள். மகளைப் பள்ளியில் சேர்க்க நான் போய் வரிசையில் நின்றேன். "அப்பா கையெழுத்து வேணும்மா" என்றார்கள். வீட்டுச் செலவு முழுவதும் என் கையால் எழுதினேன். வங்கியில் "சார் வரட்டும்" என்றார்கள். பிரார்த்தனைக் கூடத்தின் வருஷக் கணக்கை ஆரம்பம் முதல் கடைசி வரை நான் எழுதிக் கொடுக்கிறேன். அடியில் செயலாளர் பேனாவைச் சுழற்றிவிட்டு மேடையேறிக் கைதட்டு வாங்குகிறார். எனக்குக் கோபம் வந்திருக்கிறது. வயிறு எரிந்திருக்கிறது. ஆனால் மறுநாள் காலையில் எழுந்து கூட்டலைச் சரிபார்க்காமல் இருந்ததில்லை. அந்தக் கணக்கு சரியாக இருந்தது என்னால்தான் என்று எனக்குத் தெரியும், கடவுளுக்கும் தெரியும்.

இப்படி நான் இருந்ததை இத்தனை வருஷம் நீங்கள் பார்த்தீர்கள். நான் கூசவில்லை. இனி நீங்கள் இருப்பதை நான் பார்க்கிறேன். நெட்டையனிடம் தாளை நீட்டிவிட்டு வரும் சாயங்காலங்களில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாருங்கள், கதவைச் சாத்துங்கள், சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டை போடுங்கள். நானும் பதிலுக்குப் போடுவேன். அதற்கு இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தாக வேண்டும்.

நேற்று பாஸ்போர்ட் அலுவலகத்துக்குத் தனியாகப் போனேன். மனுவை ஒவ்வொரு வரியாகப் படித்து நிரப்பினேன். கணவர் கையெழுத்துக்கு என்று எங்காவது இடம் விட்டிருப்பார்கள் என்று முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். எங்குமே இல்லை. கடைசியில் ஒரே ஒரு கட்டம், என் கையெழுத்துக்கு.

போட்டுக் கொடுத்துவிட்டேன். இதை உங்களைக் கேட்டு எழுதவில்லை, தெரிவிக்கிறேன்.

உங்களோடு வரும்,
கணக்குப்பிள்ளை